எழுந்து போகாத ஆசை

ஜூன் 3

அன்புள்ள அண்ணிக்கு,

போனில் பேசக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனீர்கள். “போன்ல நீ அழுவ, நான் சரின்னு சொல்லிடுவேன், அப்புறம் ரெண்டு பேருக்கும் கஷ்டம். எழுது” என்றீர்கள். எழுத்தில் எனக்கு அழத் தெரியாது என்று நினைத்துக்கொண்டீர்கள் போலிருக்கிறது. ஒரு மொழிபெயர்ப்பாளரிடம் இப்படியெல்லாம் சவால் விடக்கூடாது.

முதலில் தொழில். இப்போது நான் மொழிபெயர்க்கிற நாவலில் ஒரு ஆங்கிலச் சொல் வழியை மறித்துக்கொண்டு படுத்திருக்கிறது. வெலீயிட்டி. இவ்வளவு வருஷமாக இங்கிலீஷோடு குடித்தனம் நடத்துகிறேன், இந்த ஆளை இதற்கு முன் பார்த்ததே இல்லை.

கதாநாயகர் துறைமுகத்துக்கு எதிரே ஒரு மாடி அறையில் இருக்கிறார். ஜன்னலைத் திறந்தால் கடல். நீச்சல் கற்றுக்கொள்ள வேண்டும் என்று முதல் அத்தியாயத்திலிருந்தே அவருக்கு ஆசை. புத்தகம் பாதி தாண்டியாகிவிட்டது, மனிதர் இன்னும் கால் நனைக்கவில்லை. அந்த ஆசையைச் சொல்ல ஆசிரியர் இந்தச் சொல்லைத்தான் எடுக்கிறார். பிறகு கீழ்வீட்டு அம்மாள் நோயில் படுக்கிறாள். இருமல் படிக்கட்டு வழியாக மேலே வருகிறது. போய் விசாரிக்க வேண்டும் என்று இவருக்குத் தோன்றுகிறது. அங்கேயும் இதே சொல். கடைசி அத்தியாயத்தில் இன்னொரு தடவை. என்னிடம் இருக்கிற கையடக்க அகராதி ‘விருப்பம்’ என்று ஒரே வார்த்தையில் கை கழுவுகிறது. விருப்பம் என்று போட்டால் மனிதர் மறுநாளே கடலில் குதித்துவிடுவாரே. உங்கள் பெரிய அகராதியில் இந்தச் சொல்லுக்கு என்ன போடப்போகிறீர்கள்?

இனி வீடு. அண்ணன் நேற்றுச் சாப்பிடும்போது உங்களைக் கேட்டார். தட்டைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார், ஆனால் கேட்டார். “பாவம், அங்க தனியா என்ன பண்றாளோ. நேரத்துக்குச் சாப்பிடறாளோ என்னவோ.” இதையெல்லாம் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவர் அவர்தானே.

அண்ணி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த அகராதி அலுவலகத்தில் உங்களைப் பிரிவுத் தலைவராக நிரந்தரமாக வைத்துக்கொள்ளக் கேட்கிறார்கள், ஜூலைத் தொடக்கத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். முன்பு போல வீட்டிலிருந்தே அகராதி வேலை பாருங்கள். சாப்பாட்டு மேசையின் அந்தப் பக்கம் நீங்களும் உங்கள் சொற்களும், இந்தப் பக்கம் நானும் என் நாவலும். இந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டே எட்டு மாதம் ஆகிறது.

உங்கள்
நாத்தனார்

•

ஜூன் 9

வாயாடிக்கு,

கடிதம் வந்தது. முதலில் தொழில் என்று நீயே வரிசை போட்டுக்கொடுத்ததால் எனக்கு வசதி.

வெலீயிட்டி லத்தீன் வழியாகப் பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த சொல். ‘விரும்புதல்’ என்பதுதான் வேர். ஆனால் மனத்தின் உறுதியைப் பற்றித் தலையைப் பிய்த்துக்கொண்ட இறையியல்காரர்கள் இதை ஒரு தனி வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். விருப்பத்திலேயே ஆகக் கீழ்ப்படி இது. இருக்கிறது, பொய்யில்லை. ஆனால் ஆளை எழுப்பி நடக்கவைக்கிற பலம் அதற்குக் கிடையாது. பிற்பாடு கட்டுரைக்காரர்களும் நாவலாசிரியர்களும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். பேச்சில் யாரும் சொல்வதில்லை, ஏட்டில்தான் பிழைத்திருக்கிறது. பெரும்பாலும் ஒரு பாத்திரத்தைத் திட்டாமல் திட்டுவதற்கு. அந்த ஆள் கெட்டவர் இல்லை, நல்லது செய்ய அவருக்கும் மனமுண்டு, என்ன செய்வது, நாற்காலி விடவில்லை என்று சொல்லும் இடத்தில் இது வரும். உன் நாவலாசிரியர் விவரமானவர்.

தமிழில் என்ன போடலாம் என்று இங்கே மூன்று பேர் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம். ‘நப்பாசை’ என்றார் பக்கத்து மேசைக்காரர். நப்பாசையில் ஏக்கம் உண்டு, கிடைக்காது என்று தெரிந்தும் விடாத பிடிவாதம் உண்டு. இதில் பிடிவாதமே இல்லை. ‘சபலம்’ என்றார் இன்னொருவர். சபலப்பட்டவன் காரியத்தில் இறங்கிவிடுவான், அதுதான் அவன் தொல்லையே. ‘அரைமனசு’ கிட்டத்தில் வருகிறது. ஆனால் அரைமனசாக ஒருவன் வேலையைச் செய்துதான் முடிக்கிறான். இப்போதைக்கு நான் எழுதி வைத்திருப்பது: ‘செயலில் இறங்கும் அளவுக்கு வலுவில்லாத விருப்பம்.’ பொருள் சரி, உயிர் இல்லை. உயிர் எடுத்துக்காட்டு வாக்கியத்தில்தான் வரவேண்டும்.

அதற்கு உன் உதவி வேண்டும். எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். எடுத்துக்காட்டை நாங்களாக எழுதக்கூடாது. அச்சில் வந்த புத்தகத்திலிருந்து, பக்க எண்ணோடு எடுக்க வேண்டும். உன் நாவலில் அந்தச் சொல் வரும் மூன்று இடங்களில் சிறந்த ஒன்றை ஆங்கில மூலத்தோடும் உன் மொழிபெயர்ப்போடும் அனுப்பு. உன் பெயரை நன்றியில் போடுகிறோம்.

வீட்டைப் பற்றி. உன் அண்ணன் கேட்டதாக எழுதியிருந்தாய். படித்தேன். நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

பதவியைப் பற்றி நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சண்டை போட்டுக்கொண்டு வந்தவள் இல்லை நான், அது உனக்குத் தெரியும். சண்டை வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும், இரண்டு பேரில் ஒருவருக்காவது குரல் உயர்ந்திருக்கும்.

அண்ணி

•

ஜூன் 14

அன்புள்ள அண்ணிக்கு,

‘திட்டாமல் திட்டுவதற்கு’ என்று எழுதினீர்களே, அதைப் படித்துவிட்டு அறைக்குள் தனியாகச் சிரித்தேன். மூன்று இடங்களுக்கும் ஒரே தமிழ்ச் சொல் தேடுவதை விட்டுவிட்டேன். நீச்சல் வரும் இடத்தில் ‘அவருடைய ஆசை ஜன்னலோடு நின்றுகொண்டது’ என்று எழுதியிருக்கிறேன். நன்றாக இருக்கிறதா? இல்லாவிட்டாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள்.

அண்ணன் முன்பு போல இல்லை, அண்ணி. நம்ப மாட்டீர்கள். வீட்டு வரைபடங்களை மேசையில் விரித்துப் போட்டுக்கொண்டு ஸ்கேலும் பென்சிலுமாக உட்கார்ந்திருப்பவர், நேற்று நடுவில் நிமிர்ந்து உங்கள் மேசையைப் பார்த்தார். “அவ மேசைய யாரும் தொடாதீங்க. பாவம், வந்து பாத்தா மனசு கஷ்டப்படும். வர்றாளோ என்னவோ, அப்படியே இருக்கட்டும்” என்றார். எவ்வளவு நீளமாகப் பேசினார் பாருங்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உங்களுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று அவருக்கும் இருக்கிறது. தொடங்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்.

நீங்கள் கேட்ட எடுத்துக்காட்டைத் தனி உறையில் அலுவலக முகவரிக்கு அனுப்பியிருக்கிறேன். மூலமும் மொழிபெயர்ப்பும் பக்க எண்ணும் எல்லாம் முறைப்படி. உங்கள் பெயருக்கு அனுப்பினால் சலுகை என்பார்களே என்று பிரிவின் பெயருக்கே அனுப்பிவிட்டேன்.

ஜூலை நெருங்குகிறது. எனக்குத் தூக்கம் சரியில்லை.

நாத்தனார்

•

ஜூன் 27

வாயாடிக்கு,

இரண்டு நாள் காய்ச்சலில் படுத்திருந்தேன். திரும்பி வந்து மேசையில் கிடந்த அச்சுப்படியைப் பிரித்தால், என் சொல்லுக்குக் கீழே இப்படி ஒரு எடுத்துக்காட்டு:

‘பிரிந்து போன மனைவியைத் திரும்ப அழைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை எழுந்தது. கடிதம் எழுதப் பேனாவைத் தேடிப் போனவர், வழியில் செய்தித்தாள் கிடப்பதைக் கண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஆசையும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.’

பக்கம் 212 என்று போட்டிருந்தது. எங்கள் நூலகத்திலிருந்து மூல நாவலை எடுத்து 212ஐப் பார்த்தேன். அங்கே அந்த மனிதர் காலுறை துவைத்துக்கொண்டிருக்கிறார். முன்னும் பின்னும் பார்த்தேன். பிறகு புத்தகம் முழுவதையும் புரட்டினேன். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லையே அம்மா. நாவல் முழுக்க அவர் பிரம்மச்சாரி. பொய் சொல்லத் தீர்மானித்தவள், கதாநாயகனுக்கு ஒரு கல்யாணத்தைப் பண்ணிவைத்துவிட்டாவது சொல்லியிருக்கலாம்.

ஆங்கில வாக்கியத்தையும் நீயே எழுதியிருக்கிறாய். நன்றாக எழுதியிருக்கிறாய், அதுதான் எனக்குக் கூடுதலாக எரிகிறது.

என்ன நடந்தது என்று உனக்குத் தெரியவேண்டும். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு வாக்கியத்தையும் இங்கே இரண்டாவது ஆள் மூலத்தோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் அச்சுக்குப் போகும். இது ஒன்றுக்கு மட்டும் பார்க்கவில்லை. ஏன் என்று பக்கத்து மேசைக்காரரைக் கேட்டேன். “உங்க நாத்தனார் அனுப்புனது, அதப் போய் சரிபாக்கணுமா மேடம்” என்றார். என்மேல் வைத்த நம்பிக்கையில் உன் பொய் ஏறி உட்கார்ந்து அச்சு வரைக்கும் போயிருக்கிறது.

நான் தலைமைப் பதிப்பாசிரியர் அறைக்குப் போய் இது போலி என்றேன். யார் செய்தது என்று கேட்டார். சொன்னேன். பிரிவின் பதினெட்டுப் பேருக்கும் இப்போது என் குடும்பக் கதை தெரியும். அந்தப் பக்கத்தைப் பிரித்து மறுபடி கோத்தார்கள். இருமல் வரும் இடத்தை நானே மூலத்திலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

அகராதியில் பொய்ச் சான்று வைப்பது சின்ன விளையாட்டு இல்லை. இன்னும் முப்பது வருஷம் கழித்து எங்கேயோ ஒரு மாணவன் அதை நம்பி எழுதுவான். உனக்கு இது தெரியும். தெரிந்தே செய்தாய்.

இதைத் தவிர வேறு எதையாவது நீயாக எழுதி எனக்கு அனுப்பியிருக்கிறாயா? யோசித்துப் பதில் எழுது.

அண்ணி

•

ஜூலை 1

அண்ணி,

அந்த வாக்கியத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். உங்கள் மேசைக்காரரிடமும் கேட்டேன் என்று சொல்லுங்கள். உங்கள்மேல் வைத்த நம்பிக்கையில் என் பொய் ஏறி உட்கார்ந்தது என்று எழுதியதைப் படித்த பிறகு இரண்டு நாள் வேலை ஓடவில்லை.

ஆனால் கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள், எனக்கும் கோபம் இருக்கிறது. உங்களுக்குப் புத்தகத்தில் அச்சானால்தான் சான்று. வீட்டில் ஒரு மனிதர் தினமும் எழுந்திருக்கப் பார்த்து எழாமல் உட்கார்ந்திருக்கிறாரே, அது சான்று இல்லையா? அந்தச் சொல்லுக்குப் பொருள் எழுத நீங்கள் ஏன் மூன்று பேரோடு மல்லுக்கட்டினீர்கள் என்றே எனக்குப் புரியவில்லை. எட்டு வருஷம் அதற்கு நீங்கள் சோறு பரிமாறியிருக்கிறீர்கள்.

அந்த வாக்கியத்தை நீங்கள் பார்க்க வேண்டும் என்றுதான் அனுப்பினேன். பார்த்துச் சிரிப்பீர்கள், சிரித்தால் கொஞ்சம் இளகுவீர்கள், இளகினால் வந்துவிடுவீர்கள் என்று கணக்குப் போட்டேன். நேரே அச்சுக்குப் போகும் என்று நினைக்கவில்லை.

வேறு எதுவும் நானாக எழுதவில்லை. அண்ணன் உங்களைத் தேடுகிறார். முந்தாநாள்கூட “எப்ப வருவா” என்று கேட்டார். பாவம், அவருக்குச் சொல்லத் தெரியவில்லை என்பதற்காக ஆசையே இல்லை என்று ஆகிவிடுமா?

இந்த வாரம் நீங்கள் பதில் சொல்ல வேண்டிய வாரம். ஒரு தடவை வந்து அவர் முகத்தைப் பார்த்துவிட்டாவது முடிவு செய்யுங்கள்.

நாத்தனார்

•

ஜூலை 5

வாயாடிக்கு,

பதவியை ஏற்றுக்கொண்டேன். நேற்றுக் கையெழுத்துப் போட்டேன். இதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். நீ கடைசி வரிக்குத் தாவிப் படிக்கிறவள் என்பதால் கடைசியிலும் ஒரு முறை சொல்வேன்.

இப்போது உட்கார்ந்து பொறுமையாகப் படி.

ஒரு சொல்லை யார், எங்கே, எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. உன் அண்ணனோடு எட்டு வருஷம் வாழ்ந்தேன். ‘பாவம்’ என்று அவர் யாரையும் சொல்லி நான் கேட்டதில்லை. கால் முறிந்து கிடந்த பக்கத்து வீட்டுக்காரரைக்கூட “எந்தக் கால்?” என்றுதான் கேட்டார். பேச்சை ‘என்னவோ’ என்று முடிக்கிற வழக்கம் அந்த வீட்டில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் உண்டு. அவள் சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, பேனா மூடியைக் கடித்துக்கொண்டு நாவல் மொழிபெயர்ப்பாள்.

உன் அண்ணன் சொன்னதாக நீ எழுதிய எதையும் அவர் சொல்லவில்லை. எட்டு மாதமாக நீ எழுதிய எல்லாக் கடிதத்திலும் அவர் பெயரில் பேசியது நீ. இரண்டாவது கடிதத்திலேயே எனக்குத் தெரியும். 212ஆம் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தேனே, இதற்கு அந்தச் சிரமம்கூட வேண்டியிருக்கவில்லை.

நான் கிளம்பிய அன்று அவர் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தார். “கனமா இருக்கே” என்றார். நான் அவர் வாயிலிருந்து கேட்ட கடைசி வாக்கியம் அதுதான். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. குடிப்பதில்லை, கை ஓங்கியதில்லை, யாரையும் ஏமாற்றியதில்லை. நான் இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் சரி என்று ஒரு நல்ல மனிதர் பக்கத்தில் இருப்பது எப்படி என்று உனக்கு விளக்க முடியாது. அங்கே நான் மெதுவாக வற்றிக்கொண்டிருந்தேன். இங்கே காலையில் எழும்போது எனக்கு வேலைக்குப் போகப் பிடித்திருக்கிறது. ஆகவே வரமாட்டேன். இதில் யோசிக்க இன்னும் எதுவும் மிச்சமில்லை.

போலி என்று தெரிந்தும் ஏன் எட்டு மாதம் படித்துக்கொண்டிருந்தேன் என்று கேட்பாய். அந்த வாக்கியங்களில் இருந்தவளுக்காகத்தான். ‘நேரத்துக்குச் சாப்பிடறாளோ என்னவோ’ என்று கவலைப்பட ஒரு ஆள் எனக்கு இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள, மாதம் இரண்டு தடவை அந்தப் பொய்யைப் பிரித்துப் படித்தேன். உனக்கு நான் வேண்டும். அதை உன் பேரில் சொல்ல வெட்கப்பட்டு, அண்ணன் பேரில் எழுதினாய். வெட்கப்பட வேண்டிய விஷயமா இது?

என் பேரில் நான் சொல்கிறேன். எனக்கு நீ இங்கே வரவேண்டும். என் வீட்டில் ஒரு அறை காலியாக இருக்கிறது, கிழக்குப் பார்த்த ஜன்னல். பிரிவில் துணைப் பதிப்பாசிரியர் ஒருவர் வேண்டும், அடுத்த மாதம் தேர்வு வைக்கிறோம். நான் சிபாரிசு செய்ய மாட்டேன், விடைத்தாளையும் நான் திருத்த மாட்டேன். உன் போலி வாக்கியத்தைப் படித்துவிட்டுத் தலைமைப் பதிப்பாசிரியர் சொன்னதை மட்டும் சொல்லிவைக்கிறேன்: “பொய் சொல்றத நிறுத்திட்டு வரட்டும், எழுதத் தெரிஞ்ச பொண்ணு.”

கடைசியாக, முன்பே சொன்னது. பதவியை ஏற்றுக்கொண்டேன்.

அண்ணி

•

ஜூலை 12

அண்ணி,

ஆமாம். எல்லாம் நான்தான்.

அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. முதல் மாதம் காத்திருந்தேன். இன்றைக்குக் கேட்பார், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கேட்பார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, கேட்டிருந்தால் எப்படிக் கேட்டிருப்பார் என்று எழுதத் தொடங்கினேன். எழுதிப் பழகியதும் அவர் கேட்ட மாதிரியே எனக்கு ஆகிவிட்டது. உங்கள் மேசையைத் தொடக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. அதன்மேல் தன் வரைபடச் சுருள்களை அடுக்கி வைப்பார். நான் எடுத்துத் தரையில் வைப்பேன். மறுநாள் மறுபடி மேசையில் இருக்கும். ஒருவரை ஒருவர் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. எட்டு மாதமாக எங்களுக்குள் நடந்த உரையாடல் அதுதான்.

நீங்கள் வரமாட்டேன் என்று எழுதியதைப் படித்து அழுதேன். எனக்கு நீ வரவேண்டும் என்று எழுதியதைப் படித்து அதைவிட அதிகமாக அழுதேன். என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

வரவேண்டும் என்றுதான் இருக்கிறது, அண்ணி. ரொம்ப ஆசையாக இருக்கிறது. இந்த நாவல் மட்டும் முடிந்துவிட்டால் நிம்மதியாகக் கிளம்பலாம், பாதியில் இடம் மாறினால் கை ஓடாது. மழையும் கொஞ்சம் நிற்கட்டும், புத்தகப் பெட்டிகள் நனைந்துவிடும். அண்ணனுக்குச் சமைக்க ஒரு ஆள் பார்க்க வேண்டும், அவருக்கு அடுப்புப் பற்றவைக்கக்கூடத் தெரியாது. தேர்வு என்றால் எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே பயம், கொஞ்சம் படித்துத் தயாராகிக்கொண்டு அடுத்த வருஷம் எழுதினால் என்ன என்றும் யோசனை. எப்படியும் வரத்தான் வேண்டும். பார்க்கலாம்.

அந்தக் கிழக்கு ஜன்னல் அறையை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

நாத்தனார்

•

ஜூலை 16

வாயாடிக்கு,

12ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. நான் தேடிக்கொண்டிருந்த சொல்லுக்கு இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு எந்த நாவலிலும் இல்லை. இந்த முறை சான்று அசல், கையெழுத்தும் அசல். ‘வரவேண்டும் என்றுதான் இருக்கிறது’ என்பதில் தொடங்கி ‘பார்க்கலாம்’ வரைக்கும் அப்படியே எடுத்துக்கொள்ளட்டுமா?

உன் அண்ணனுடைய தங்கைதான் நீ, சந்தேகமில்லை.

அண்ணி

•

ஜூலை 24

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று உங்களோடு ஜென்மத்துக்கும் பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். சாயங்காலம் வரைக்கும் அந்த முடிவு தாங்கியது. உன் அண்ணனுடைய தங்கைதான் என்று எழுதினீர்களே, அது சுருக்கென்று தைத்தது. இவ்வளவு நாள் அந்த மனிதரை உட்காரவைத்து வேடிக்கை பார்த்து, வாக்கியம் எழுதி, சிரித்துக்கொண்டிருந்தேன். நான் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன் என்று கவனிக்கவில்லை.

மறுநாள் காலையில் போய் டிக்கெட் வாங்கினேன். வாங்கிவிட்டு வந்துதான் மற்றதையெல்லாம் யோசித்தேன். வேடிக்கை என்னவென்றால், டிக்கெட் கையில் இருந்தால் மழையும் பெட்டியும் தேர்வும் தானாக வழிக்கு வந்துவிடுகின்றன. புத்தகங்களை பிளாஸ்டிக் உறையில் சுற்றினேன். அண்ணனுக்கு அடுப்புப் பற்றவைக்கக் கற்றுக்கொடுத்தேன். ஐந்து நிமிஷ வேலை. இத்தனை வருஷம் அதை ஏன் யாரும் செய்யவில்லை என்று நம் இரண்டு பேரையும்தான் கேட்க வேண்டும்.

அவரிடம் முந்தாநாள் சாப்பிடும்போது சொன்னேன். போகிறேன், அண்ணி வீட்டில் தங்கப் போகிறேன், வேலைக்குத் தேர்வு எழுதப் போகிறேன் என்றேன். திரும்பி வருவேன் என்று சொல்லவில்லை. இனிமேல் யார் பேரிலும் பொய் சொல்வதில்லை என்று இருக்கிறேன், என் பேரிலும்.

“ம்” என்றார். கை கழுவிக்கொண்டு வந்தார். ஒரு சுருளைப் பிரித்து நாலு மூலையிலும் டம்ளரை வைத்தார். வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“நானும் ஒருநாள் வந்து அவளப் பாக்கணும்.”

நான் நின்றேன். அவர் பென்சிலை எடுத்து ஒரு சுவரை அளந்தார். பிறகு இன்னொரு சுவரை அளந்தார். அவ்வளவுதான்.

அண்ணி, இது அவரே சொன்னது. ஒரு எழுத்துக்கூட என்னுடையது இல்லை. இதை வைத்துக்கொண்டு உங்களிடம் எதுவும் கேட்கப்போவதும் இல்லை. எட்டு மாதம் நான் இட்டுக்கட்டி எழுதியதெல்லாம் அவர் பேச்சு மாதிரி இல்லாமல் போனதற்குக் காரணம் புரிந்தது. நான் என் ஆசையின் அளவுக்கு அவருக்கு வாக்கியம் தைத்துக்கொண்டிருந்தேன். அவருடையது இவ்வளவுதான், ஆனால் நிஜம். அதைக் கேட்டபோது எனக்கு அவர்மேல் இருந்த கோபம் போய்விட்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, எந்த வீட்டுப் படம் என்று கேட்டேன். ரொம்ப நேரம் விளக்கினார். நல்ல வீடு, அண்ணி. எல்லா அறைக்கும் வெளிச்சம் வருகிறது.

நாவலில் கடைசி அத்தியாயம் பாக்கி இருக்கிறது. முடித்துவிட்டுக் கிளம்பவில்லை, கிளம்பிவிட்டு முடிக்கப் போகிறேன். அங்கே எழுதும்போது எதிரே உட்கார்ந்து தப்புக் கண்டுபிடிக்க ஆள் இருக்கும்.

ஞாயிறு காலை வண்டி. நிலையத்துக்கு வரவேண்டாம், முகவரி இருக்கிறது, வாய் இருக்கிறது, கேட்டுக் கேட்டு வந்துவிடுவேன். தபால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்தால் படித்துக்கொண்டிருங்கள். எனக்குப் பின்னால் வந்தால், தபால்காரருக்குக் கதவைத் திறந்து இதை வாங்கி உங்களிடம் கொடுப்பது நானாகத்தான் இருப்பேன்.

நாத்தனார்